எண்பது நாள் தண்ணீர்

பார்த்து ஏறுங்கம்மா. நாலாவது படி கொஞ்சம் ஆடும். புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். அவர் வாயில இந்த வீட்டைப் பத்தி நல்லது மட்டும்தான் வரும்.

இதுதான் ஹால். உள்ளே ரெண்டு ரூம், அந்தப் பக்கம் சமையல்கட்டு. தண்ணி வராத நாள் கிடையாது. ஜன்னல் எல்லாம் தேக்கு. என் வீட்டுக்காரர் இருந்தப்போ போட்டது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. கீழே நான் ஒருத்திதான். பிள்ளைங்க கிடையாது. எல்லாரும் அடுத்து அதைத்தான் கேட்பாங்க, அதனால நானே முந்திச் சொல்லிடுறது.

நீங்க தோட்டக்கலை ஆபீஸுக்கு மாற்றலாகி வந்திருக்கீங்கன்னு புரோக்கர் சொன்னதும், "உடனே கூட்டிட்டு வாங்கய்யா"ன்னேன். அவருக்கு நம்ப முடியலை. ஆறு மாசமா அவர் கூட்டிட்டு வந்தவங்களை எல்லாம் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன். "ஏம்மா, உங்களுக்கு வீட்டை வாடகைக்கு விடணுமா, இல்லை என்னை நடக்க வெச்சு சுகரைக் குறைக்கணுமா?"ன்னு போன வாரம் கேட்டுட்டார் மனுஷன்.

இந்தக் கதவைத் திறந்தா மொட்டை மாடி. வாங்க. வீட்டைவிட இதைத்தான் நீங்க பார்க்கணும். இருபத்திரண்டு தொட்டி இருக்கு. பாதி பெயிண்ட் டப்பா, பாதி சிமெண்டுத் தொட்டி. இப்போ காலியா, கேட்பாரில்லாமக் கிடக்கு. போன கார்த்திகையில வந்திருந்தீங்கன்னா இங்க கால் வைக்க இடம் இருந்திருக்காது. எல்லாத்துலயும் குண்டு மிளகாய். முழங்காலுக்கு மேல வளர்ந்து, உருண்டை உருண்டையாக் காய்.

அதை வெச்சவ பேர் நாகஜோதி. இந்த வீட்டுல கடைசியாக் குடியிருந்தவ. அவளைப் பத்தி உங்ககிட்ட சொல்லியாகணும். தெருவுல விசாரிச்சா வேற வேற மாதிரி சொல்வாங்க. நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். அந்தக் கட்டையில உட்காருங்க, நிழல் இருக்கு.

அவ புருஷன் ரத்தினவேல், சர்வேயர். அவருக்கு விருதுநகர் பக்கம். அவளுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இங்க பால் காய்ச்சின அன்னிக்கே அவ மாமியார் சண்முகத்தாய் என்னைத் தனியாக் கூப்பிட்டு போன் நம்பர் எழுதிக் குடுத்தாங்க. "வீட்டுக்காரம்மா, நம்ம மருமகளைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. நல்ல சேதி எதுவும் தெரிஞ்சா என் காதுல ஒரு வார்த்தை போடுங்க. இதுங்க ரெண்டும் வாயைத் திறக்காதுங்க"ன்னாங்க. வயசானவங்க கேட்டா என்ன சொல்றது? வாங்கி வெச்சுக்கிட்டேன்.

நாகஜோதி முதல்ல என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டா. பத்து நாள்ல பெரியம்மான்னு ஆயிடுச்சு. புருஷன் காலையில போனா இருட்டினப்புறம்தான் வருவார். அவ கீழே வந்து என் சமையல்கட்டு மேடையில ஏறி உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பா. நானும் பேசிக்கிட்டே இருப்பேன். எனக்கு ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சு.

ஆடி மாசம் ஊருக்குப் போய்ட்டு ஒரு மஞ்சப்பை நிறைய மிளகாய் வத்தல் கொண்டு வந்தா. ஒரு காயை எடுத்து என் காதுகிட்ட வெச்சு ஆட்டினா. உள்ளே விதை சலசலங்குது. "கேட்டீங்களா பெரியம்மா? எங்க அம்மா கொல்லையில காய்ச்சது. மாடி சும்மாத்தானே கிடக்கு, விதை போடுவோமா?"ன்னா. அங்கேயே உட்கார்ந்து காயைப் பிச்சு விதையைக் கொட்டினா. கொட்டின கையாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டா. ஒரு மணி நேரம் குழாயடியில முகத்தைக் கழுவிக்கிட்டே, அழுதுக்கிட்டே சிரிச்சா. "மிளகாய்க்காரி மகளுக்கே இந்தக் கதி"ன்னா. அவ அப்படிச் சிரிச்சு நான் அப்புறம் பார்க்கலை.

புளிச்ச மோர்த்தண்ணியில ஒரு ராத்திரி ஊற வெச்சு, சாம்பல்ல புரட்டி, தேங்காய்நாரும் மண்புழு உரமும் கலந்து தட்டுல விதைச்சோம். மேலே ஈரச் சாக்கு. ஒன்பதாம் நாள் முளைச்சது. நான் உடனே கீழே போய் மாசக் காலண்டர்ல எழுதினேன். ஆடி பதினெட்டு விதைச்சது, இருபத்தேழு முளைச்சது, எண்ணிக்கை நாற்பத்தொண்ணு. அது என் பழக்கம். நகராட்சியில பிறப்பு இறப்புப் பிரிவுல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவ நான். நாகஜோதி அதைப் பார்த்துட்டு, "பெரியம்மா, ஒவ்வொண்ணுக்கும் பிறப்புச் சான்றிதழ் குடுத்துடுவீங்களா? அப்பா பேருன்னு எதைப் போடுவீங்க?"ன்னு கேலி பண்ணினா.

மூணே நாள். நாலாவது நாள் காலையில வந்து பார்த்தா, நாற்பத்தொண்ணும் தண்டு ஒடிஞ்ச மாதிரி சாஞ்சு கிடக்கு. நாற்றழுகலா? இருக்கலாம். தண்ணி கூடிப்போனா அப்படி வரும்னு நீங்க சொல்வீங்க, நீங்க அதுக்குன்னு படிச்சவங்க. நான் அவளைத்தான் கேட்டேன். "தூரமா இருக்கியா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நேத்துலருந்து"ன்னா.

"அந்த நாள்ல செடிகிட்டப் போகலாமா? அதுவும் மிளகாய் நாற்று. பச்சைக் குழந்தை மாதிரில்ல? பட்டுப்போகாதா?"

"எங்க ஊர்ல அந்த நாள்லயும் கொல்லையில களை எடுக்கத்தான் செய்வாங்க"ன்னா.

"அது கொல்லை. இது வீடு"ன்னேன்.

ஆவணி ரெண்டாம் தேதி மறுபடி விதைச்சோம். அந்த மாசம் இருபத்தாறாம் தேதியிலிருந்து நாலு நாள் அவ இந்த நிலைப்படியைத் தாண்டலை. உள்ளே நின்னுக்கிட்டே குரல் குடுப்பா: "பெரியம்மா, ஓரத்துத் தட்டை விட்டுட்டீங்க பாருங்க! மெதுவா ஊத்துங்க, நாற்று குளிக்குது!" எனக்குச் சிரிப்பா வரும். சொன்னா கேட்கிற பொண்ணுன்னு பெருமையாவும் இருந்துச்சு. ஆவணி முப்பது அன்னிக்குத் தலைக்குக் குளிச்சிட்டு ஈரத் துண்டோட ஓடி வந்தா. அன்னிக்குக் காலண்டர்ல ஒரு டிக் போட்டேன். அதுக்கப்புறம் தினம் ஒரு டிக்.

எதுக்கு டிக்குன்னா, அவ தண்ணி ஊத்தினதுக்கு. வேற எதுக்கும் இல்லை. ஆரம்பத்துல வேற எதுக்கும் இல்லை.

புரட்டாசியில நாற்றைப் பிரிச்சு இந்தத் தொட்டிகள்ல நட்டோம். புரட்டாசி இருபத்தொண்ணுக்கு என் தம்பிக்குக் கண் ஆபரேஷன்னு மதுரைக்குப் போய் ஆறு நாள் இருந்தேன். திரும்பி வந்ததும் முதல்ல மாடிக்குத்தான் வந்தேன். ஒரு இலை வாடலை. "தினம் ஊத்தினியா?"ன்னேன். "ஒரு நாள் விடலை பெரியம்மா"ன்னா. ஆறு டிக்கையும் சேர்த்துப் போட்டேன்.

புரட்டாசி முடிஞ்சது. ஐப்பசி முடிஞ்சது. மழை கொட்டுற நாள்லகூட குடையைப் பிடிச்சுக்கிட்டு, தொட்டியில தண்ணி வடியுதான்னு குச்சியால குத்திப் பார்ப்பா. பூ உதிரக்கூடாதுன்னு புளிச்ச மோர்ல பெருங்காயம் கரைச்சுத் தெளிப்பா. ஒரு நாள்கூட உள்ளே நின்னு குரல் குடுக்கலை. ஒரு நாள்கூட.

ஒரு சாயங்காலம் காலண்டரைத் திருப்பிப் பார்த்தப்போதான் எனக்கு உறைச்சது. டிக், டிக், டிக். நடுவுல ஒரு இடைவெளி இல்லை. விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அதோட, ஒரு நாள் இந்தக் கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு, "கிறுகிறுன்னு வருது பெரியம்மா"ன்னு சொல்லியிருந்தா. வெயில்னு நினைச்சிருந்தேன்.

உங்களுக்கு நான் எப்படிச் சொல்றது? முப்பத்தோரு வருஷம் ஊர்ல பிறந்த அத்தனை குழந்தைக்கும் நான்தான் பேர் எழுதினேன். பால்குடி மறக்காத பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. ஒரு தடவை ஒருத்தி என் நாற்காலியைப் பார்த்துட்டு, "வேற யாராவது எழுதினா நல்லா இருக்கும்"னு பக்கத்து மேஜைக்காரர்கிட்டச் சொன்னா. எனக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னா. வளைகாப்புக்குக் கூப்பிடுவாங்க, போவேன், வளையல் போடுற நேரத்துல சமையல்கட்டுப் பக்கம் போய் நின்னுக்குவேன். யாரும் போகச் சொன்னதில்லை. நானாப் போயிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, என் வீட்டு மாடியில ஒரு குழந்தைன்னா எப்படி இருக்கும்?

அவகிட்டயே கேட்டிருக்கலாமேன்னுதானே பார்க்கிறீங்க? கேட்கலை. அவளாச் சொல்லட்டும்னு விட்டேன். மூணு மாசம் நெருங்கட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு பொறுத்துக்கிட்டிருந்தேன். எனக்கா விவரம் தெரியாது? எண்பதாவது டிக் கார்த்திகை பதினெட்டுல விழுந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் விருதுநகருக்குப் போன் போட்டேன்.

சண்முகத்தாய் போன்லயே அழுதுட்டாங்க. "உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் தாயி"ன்னாங்க. நானும் அழுதேன். சம்பந்தமே இல்லாத ரெண்டு பொம்பளைங்க, ஆளுக்கொரு ஊர்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தோம்.

ரெண்டாம் நாள் ஞாயித்துக்கிழமை. ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. ஒரு கூடை பழம், பந்து பந்தா மல்லிகை, சாத்தூர்ச் சேவு, ரெண்டு டஜன் கண்ணாடி வளையல். நான் கீழே காபி கலந்துக்கிட்டிருந்தேன். மேலே பேச்சுக் கேட்டுச்சு.

"ஏன்டி, ஊரே தெரிஞ்சுக்கிட்டப்புறம்தான் எனக்குச் சொல்வியோ?"

"என்ன அத்தை? எதைச் சொல்றீங்க?"

"ஆமா, ஒண்ணும் தெரியாத பாப்பா! திரும்பு, பூவை வெச்சு விடுறேன்."

அப்புறம் நாகஜோதி, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை அத்தை. நேத்துலருந்து நான் தூரம்"ன்னா.

அடுத்து சண்முகத்தாய் குரல்: "வீட்டுக்காரம்மா! கொஞ்சம் மேல வாங்க!"

நான் போனேன். காலண்டரை நானேதான் ஆணியிலருந்து கழட்டி எடுத்துட்டுப் போனேன். யாரும் கொண்டு வரச் சொல்லலை.

அந்த அம்மா நாலு மாசத் தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "எண்பது நாள் விடாமத் தண்ணி ஊத்தியிருக்கா. இங்க என்ன வழக்கம்?"ன்னு கேட்டாங்க. அந்த நாள்ல தொடக்கூடாதுங்கிறதுதான் வழக்கம்னு சொன்னேன்.

நாகஜோதி என்னைப் பார்த்தா. "பெரியம்மா, நான் அந்த நாள்லயும்தான் ஊத்தினேன். நீங்க மதுரைக்குப் போனப்போ நாலு நாள் காயப்போட மனசு வரலை. ஊத்தினேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் நீங்களும் கேட்கலை, நானும் சொல்லலை. அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. என் முகத்துக்கு நேரா இப்படிச் சொல்றாளேன்னு. ரெண்டு மாசம் என்னை ஏமாத்தினேன்னு சொல்றாளா, இல்லை இப்போ ஏமாத்துறாளா?

"நீங்க சொல்லுங்கம்மா"ன்னாங்க சண்முகத்தாய். "தூரமானவ தொட்டா மிளகாய்ச் செடி என்ன ஆகும்?"

"பட்டுப்போகும்."

"பட்டுச்சா?"

எல்லாரும் மாடிக்கு வந்தோம். இதே இடம்தான். இருபத்திரண்டு செடியும் நிக்குது. ஒரு கிளையில பூ, ஒரு கிளையில பிஞ்சு, ஒரு கிளையில பச்சைக்காய், அங்கங்க சிவப்பு ஏற ஆரம்பிச்சிருக்கு. அத்தனை அழகா என் வாழ்நாள்ல நான் செடி பார்த்ததில்லை. "இல்லை. ஒரு இலை வாடலை"ன்னு சொன்னேன். பார்த்ததைச் சொன்னேன்.

சண்முகத்தாய் திரும்பினாங்க. "அப்போ எண்பது நாள் இருந்தது. நேத்துலருந்து இல்லை. என்னடி சாப்பிட்டே? எதைச் சாப்பிட்டுக் கலைச்சே?"

"அத்தை, வாங்க இப்பவே டாக்டர்கிட்டப் போவோம்."

"எல்லாத்தையும் முடிச்சுட்டு டாக்டர் எதுக்கு?"

லீவு நாள், ரத்தினவேலும் எங்களோட மாடிக்கு வந்திருந்தார். அந்த அம்மா கையிலருந்து காலண்டரை வாங்கினார். நிலத்து வரைபடம் பார்க்கிற மாதிரி விரலை வெச்சு ஒவ்வொரு நாளாப் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்டார்: "உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

நாகஜோதி அவரைப் பார்த்து, "நீங்களுமா கேட்கிறீங்க? நீங்களா?"ன்னா. அவ அப்படி இழுத்துக் கேட்டது எனக்கு அப்போ ஒரு மாதிரித்தான் இருந்துச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பத்தோரு வருஷம் பதிவேடு எழுதினவ தம்பி. தெரியாம எழுத மாட்டேன்"ன்னு சொன்னேன்.

அவர் காலண்டரைச் சுவர்மேல வெச்சுட்டுக் கீழே இறங்கி, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். வளையல் பெட்டியைத் திறக்காமலே சண்முகத்தாய் திரும்ப ஆட்டோவுல ஏத்தினாங்க. சேவை மட்டும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. அது நமுத்துப்போற வரைக்கும் யாரும் தொடலை.

மறுநாள் காலையில நாகஜோதியோட அண்ணன் கார் எடுத்துட்டு வந்தான். சாமான் ஏத்துறப்போ அவ மாடிக்கு வந்தா. நானும் பின்னாலயே வந்தேன். வாளியில தண்ணி பிடிச்சு, ஒவ்வொரு தொட்டியா, இருபத்திரண்டுக்கும் ஊத்தினா. அவளுக்கு அது மூணாம் நாள். என் கண்ணு முன்னாடியே ஊத்தினா. ஊத்தி முடிச்சுக் குவளையைக் கவுத்து வெச்சுட்டு, என்னைப் பார்த்தா. இறங்கிப் போயிட்டா.

பதினஞ்சே நாள்மா. மார்கழி ஆரம்பத்துல இலை எல்லாம் மேல் பக்கமாச் சுருண்டுச்சு. பூ கொட்டிடுச்சு. தை பிறக்கிறதுக்குள்ள இருபத்திரண்டும் மொட்டைக் குச்சியா நின்னுச்சு. நீங்க இலைப்பேன்னு சொல்லப்போறீங்க. உங்க ஆபீஸ்லயே போய்க் காட்டினேன், அங்க இருந்தவரும் இலைப்பேன்னுதான் சொன்னார், வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார். அடிச்சேன். நிக்கலை. நான் என்ன நினைக்கட்டும்? கடைசியா யார் ஊத்தினது, எந்த நாள்ல ஊத்தினது?

சரி. அதுக்கு முன்னாடி எண்பது நாள் ஊத்தினப்போ ஏன் சுருளலைன்னு நீங்க கேட்பீங்க. அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்.

மாசி மாசம் ஒரு கடுதாசி வந்துச்சு. ரத்தினவேல் விவாகரத்துக்குப் போட்டிருக்கார். தனக்குத் தெரியாமக் கருவைக் கலைச்சுட்டான்னு எழுதியிருக்கார். சாட்சின்னு என் பேர். தனபாக்கியம், ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்ன்னு. காலண்டரைப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லி அவரோட வக்கீல் போன் பண்ணினார்.

பங்குனியில முதுகுளத்தூருக்குப் பஸ் ஏறிட்டேன். ஏன் போனேன்னு கேட்காதீங்க. அவ போனை எடுக்கலை, அதான் போனேன். மத்தியான வெயில்ல ஊர் முழுக்கக் களத்துல மிளகாய் காயுது. இறங்கினதுமே இருமல். அவங்க அம்மா வாசல்ல நின்னு என்னைப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. நாகஜோதிதான் சொம்புல தண்ணி கொண்டு வந்தா. கறுத்து, மெலிஞ்சு இருந்தா. "உட்காருங்க ஆன்ட்டி"ன்னா.

ஆன்ட்டின்னா.

செடி செத்துப்போனதை நான் முதல்ல சொன்னேன். வேற என்ன பேசுறதுன்னு தெரியலை. "இலைப்பேன் வந்திருக்கும்"ன்னா. அப்புறம் அவளே பேசினா, கோபமே இல்லாம, ரேஷன் கடையில விவரம் சொல்ற மாதிரி.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி மதுரையில டெஸ்ட் எடுத்தோம் ஆன்ட்டி. எனக்கு ஒண்ணும் இல்லை. அவருக்குத்தான். அவரால ஆகாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க. 'எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்'னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் யார்கிட்டயும் சொல்லலை, எங்க அம்மாகிட்டகூட. மலடி அது இதுன்னு அத்தை திட்டுறப்போ எல்லாம் வாங்கிக்கிட்டேன். அன்னிக்கு நீங்க 'தெரியாம எழுத மாட்டேன்'னு சொன்னீங்களே, அப்போ அவர் என்ன நினைச்சிருப்பார்? எண்பது நாள் இருந்துச்சுன்னா அது யாரோடதுன்னு நினைச்சிருப்பார். கேட்கவே இல்லை. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்."

நான் தண்ணிச் சொம்பைக் கையிலயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதைக் கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதானே?"ன்னேன்.

"அந்த ரிப்போர்ட் அவர் பீரோவுல இருக்கு. இருக்குதோ, கிழிச்சுட்டாரோ. மறுபடி டெஸ்டுக்குப் போகச் சொல்லிக் கேட்கலாம்னு வக்கீல் சொல்றார், அதுக்கு வருஷக்கணக்கா ஆகுமாம். எனக்கு அவரோட வாழணும்னு இல்லை ஆன்ட்டி. போகட்டும். ஆனா கருவைக் கலைச்சவன்னு எழுதின பேப்பரோட நான் வெளியே வர மாட்டேன். எங்க அண்ணனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. 'காலண்டர்ல இருக்கிறது செடிக்குத் தண்ணி ஊத்தின குறிப்பு. அதை வெச்சு நான் தப்பா நினைச்சுட்டேன்'னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க எழுதினா நம்புவாங்க. அன்னிக்கு நம்பலையா?"

பேனாகூட எடுத்துட்டு வந்துட்டா.

என்னால முடியலைம்மா. ஏன்னு சொல்றேன். முப்பத்தோரு வருஷத்துல எழுதின பதிவை ஒரு தடவைகூட வாய்ச்சொல்லுக்காக நான் அடிச்சதில்லை. அழுதிருக்காங்க, கால்ல விழுந்திருக்காங்க. பெத்த தாயே வந்து பிறந்த தேதி தப்புன்னு சொன்னாலும், ஆஸ்பத்திரிச் சீட்டு கொண்டா, ஆதாரம் கொண்டான்னுதான் கேட்டிருக்கேன். ஆதாரம் இல்லாம ஒரு எழுத்தை மாத்தினா மிச்ச எழுத்துக்கு என்ன மதிப்பு? நாகஜோதி பொய் சொல்றான்னு நான் சொல்லலை. ஆனா அந்த நாள்ல தொட்டாப் பட்டுப்போகும்னு சொன்னதும் நான்தானே. தொட்டும் படலைன்னா, அப்போ நான் சொன்னது... என் வீட்டுல நான் நாற்பது வருஷம் நிலைப்படிக்கு உள்ளேயே நின்னது... அதெல்லாம் என்ன? சும்மாவா?

"யோசிச்சுச் சொல்றேன்"னு சொன்னேன். அவ பேனாவை மூடிட்டு, "பஸ் மூணே காலுக்கு. விட்டா ஆறு மணிக்குத்தான்"ன்னா. நான் எழுந்ததும், பின்னாலருந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா: "செடி நல்லாத்தானே வந்துச்சு ஆன்ட்டி?"

நல்லாத்தான் வந்துச்சு. பஸ் முழுக்க அதையேதான் எனக்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன். ரெண்டு மாசமா யோசிச்சேன். எண்பது நாள் அவ பக்கம் இருக்கு. அந்தக் கடைசி நாள் என் பக்கம் இருக்கு. ரெண்டும் ஆதாரம் ஆகாது. முன்னாடி நடந்ததை நான் கிட்ட இருந்து பார்க்கலை, பின்னாடி வந்தது இலைப்பேன்னு நீங்க சொல்றீங்க. மூணாவதா ஒண்ணு வேணும். என் கண்ணு முன்னாடி, தேதி போட்டு.

இங்க வாங்க, இந்தச் சாக்கைத் தூக்குங்க. மெதுவா. பார்த்தீங்களா? அவ செடியில பழுத்த காயிலருந்து எடுத்து வெச்ச விதை. போன வாரம் போட்டேன். முந்தாநாள் முளைச்சது, முப்பத்தாறு இருக்கு. முதல் தடவை போட்டது சாஞ்சதும் இதே வயசுலதான். எனக்கு எல்லாம் நின்னு பத்து வருஷம் ஆச்சு, நான் ஊத்திப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. புரோக்கர் கூட்டிட்டு வந்ததெல்லாம் ஒண்ணு வயசானவங்க, இல்லைன்னா ஆம்பளைப் பசங்க. நீங்க செடியைப் படிச்சவங்க, ஆபீஸர், உங்க கையெழுத்துக்கும் மதிப்பு இருக்கு. நாளைக்கே பால் காய்ச்சிடுங்க. அட்வான்ஸ் எதுவும் வேண்டாம். தினம் நீங்கதான் தண்ணி ஊத்தணும், அந்த நாள்லயும் ஊத்தணும். நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். சாயாம நின்னுச்சுன்னா அன்னிக்கே எழுதி எடுத்துக்கிட்டு முதுகுளத்தூர் பஸ் ஏறிடுவேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நூறு தடவை பண்ணிப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க. வாயால சொன்னாப் பத்தாதும்மா. அவளும் வாயாலதான் சொன்னா.

கோர்ட்டுல வாய்தா அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி. இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. கேட்கக்கூடாததுதான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒன்பதாம் தேதிக்குள்ள வந்துருமா?